மெர்சிடஸ் துரோகியா? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

அலெக்ஸாந்தர் டூமாவின் 'மான்டி கிறிஸ்டோ பிரபு'வை முடித்துவிட்டாய் என்று அறிந்து சந்தோஷம். சுருக்கப் பதிப்பைத் தொடாமல் முழுசையும் படித்ததற்குத் தனிப் பாராட்டு. ஆனால் "மெர்சிடஸ் துரோகி, டான்டெஸ் செய்தது எல்லாமே சரி" என்று இரண்டே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அவள் வேறு என்னடா செய்திருக்க வேண்டும்? நிச்சயதார்த்த விருந்தின் நடுவே மாப்பிள்ளை டான்டெஸைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். உயிரோடு இருக்கிறானா என்று சொல்லக்கூட ஆளில்லை. அவனுடைய அப்பா பட்டினி கிடந்தே செத்தார். நாதியில்லாத அந்தப் பெண் ஒன்றரை வருஷம் காத்திருந்துவிட்டுத்தான், டான்டெஸைக் காட்டிக்கொடுத்தவர்களில் ஒருவனான ஃபெர்னாண்டைக் கட்டிக்கொண்டாள். பல வருஷம் கழித்து டான்டெஸ் மான்டி கிறிஸ்டோ பிரபுவாகப் பாரிசுக்கு வந்தபோது, காட்டிக்கொடுத்த மூன்று பேருக்கும் ஆளைத் தெரியவில்லை. இவள் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். கடைசியில் மார்சேயில் அவன் அப்பா இருந்த வீட்டில் தனியாகக் கிடப்பதும் இவள்தான். அவனோ ஹைடி என்ற இளம்பெண்ணோடு கப்பலேறிவிடுகிறான்.

அந்த மூன்று பேரில் எனக்கு ஆகவே ஆகாதவன் வில்ஃபோர். ஃபெர்னாண்டுக்குப் பெண் மேல் ஆசை, டாங்லாருக்கு டான்டெஸின் பதவி மேல் பொறாமை. இந்த அரசு வழக்கறிஞருக்கு டான்டெஸ் மேல் ஒரு கோபமும் கிடையாது. பையன் நிரபராதி என்று நன்றாகத் தெரியும். ஆனால் அவன் கொண்டுவந்த கடிதம் நெப்போலியன் ஆளான தன் அப்பா நுவார்த்தியேவின் பெயருக்கு இருந்தது. வெளியே தெரிந்தால் உத்தியோகம் போய்விடும். அதனால், "பார், உனக்கு எதிரான சாட்சியத்தை அழித்துவிட்டேன்" என்று அவன் கண் முன்னாலேயே அதை எரித்துவிட்டு, தீவுச் சிறைக்கு அனுப்பிவைக்கிறான். 1815-இல் உள்ளே போனவன் வெளியே வர 14 வருஷம். பகையே இல்லாமல், சிரித்த முகத்தோடு செய்த காரியம் அது.

சரி, அப்படிப்பட்டவனைப் பழிவாங்கினால் என்ன தப்பு என்பாய். எப்படி வாங்கினான் என்று பார். வில்ஃபோரின் மனைவியிடம் விஷங்களைப் பற்றி நைசாகப் பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். அந்த வீட்டில் வரிசையாகப் பிணம் விழுகிறது. நுவார்த்தியேவுக்கு வைத்திருந்த எலுமிச்சைச் சாற்றைக் குடித்து வேலைக்காரக் கிழவர் பாருவா துடித்துச் சாகிறார். அவர் டான்டெஸுக்கு என்ன கெடுதல் செய்தார்? மாக்ஸிமிலியன் வந்து, "அந்த வீட்டுப் பெண் வாலன்டீனைக் காதலிக்கிறேன்" என்று கதறும்வரை பிரபு அசையவே இல்லை. தனக்கு வேண்டியவனுக்கு வலிக்கிறது என்றதும்தான் கை நீள்கிறது.

பிறகு வில்ஃபோரின் சின்னப் பையன் எதுவார். அடங்காப்பிடாரிதான், ஆனாலும் குழந்தை. தாய் தானும் விஷம் குடித்து அவனுக்கும் கொடுத்துவிடுகிறாள். பையனை எழுப்பப் பிரபு என்னென்னவோ செய்து பார்க்கிறான், முடியவில்லை. அதுவரை தன்னைக் கடவுளின் கையாள் என்று நினைத்திருந்தவனுக்கு அங்கேதான் சந்தேகம் தட்டுகிறது. அந்தச் சந்தேகத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? டாங்லாருக்கு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவனே அவன்தான். டான்டெஸைக் காட்டிக்கொடுத்து இடது கையால் மொட்டைக் கடிதம் எழுதியவன். கொள்ளையர் குகையில் ஒரு கோழிக்கு 1,00,000 பிராங்க் கொடுத்துப் பட்டினி கிடக்கிறான், தலை நரைக்கிறது, அவ்வளவுதான். கையில் 50,000 பிராங்கோடு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கடிதம் எழுதும்போது குடித்துவிட்டு மேஜையில் சாய்ந்துகிடந்த கதரூஸ் கத்திக்குத்தில் சாகிறான். இந்தக் கணக்கையா சரி என்கிறாய்?

நாவலில் எனக்குப் பிடித்த ஆள் நுவார்த்தியே. உடம்பு முழுக்க முடங்கிப்போய், கண்ணை மூடினால் ஆமாம், பலமுறை சிமிட்டினால் இல்லை. அதை வைத்துக்கொண்டே பேத்தியின் கட்டாயக் கல்யாணத்தை நிறுத்திவிடுகிறாரே, பிரபுவின் கோடிகள் அவர் பக்கத்தில் நிற்குமா?

அப்புறம், டாங்லாரின் மகள் யூஜினியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை நீ. முடியை வெட்டி, ஆண் உடை போட்டுக்கொண்டு, சங்கீதத் தோழியோடு வீட்டைவிட்டு ஓடுகிறாள். 1840-களில் பத்திரிகைத் தொடரில் வந்த பெண்ணடா அவள்! அந்த அத்தியாயத்தை இன்னொரு தடவை படித்துவிட்டுப் பதில் போடு.

அன்புடன்,
அக்கா