புதிய பாத்திரம் தொடங்கட்டும், பழையது அப்படியே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் கேள்வி பதில் பகுதியில் ஒரு தாய் எழுதிய கடிதத்தையும், அதற்கு மனநல ஆலோசகர் அளித்த பதிலையும் படித்தேன். பொறியியல் இரண்டாமாண்டு படிக்கும் மகன் பள்ளி நாள்களிலிருந்து ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை ஆடுகிறான். அதில் தன் சார்பில் நடமாடவிட்டு வளர்த்த கதாபாத்திரத்தை விட்டுவிட்டு, முதல் லெவலிலிருந்து புதிதாக ஒன்றைத் தொடங்கலாமா என்று வாரக்கணக்கில் யோசித்துக்கொண்டே இருக்கிறான். ஆடுவதுகூட இல்லை, நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று அந்த அம்மா கலங்கியிருந்தார். 'இல்லாத ஒன்றுக்காக வருந்துகிறான், முழுவதையும் அழிக்கச் சொல்லுங்கள்' என்பது ஆலோசகரின் பதில். அந்தப் பதில் தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். நான் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். இந்த விளையாட்டைக் கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் ஆடத் தொடங்கி, 2018-இல் கைபேசியில் வந்த பிறகு மீண்டும் ஆடி வருகிறேன். அந்தத் தம்பியின் முன் இருக்கும் கேள்வி என் முன்னும் ஒருமுறை நின்றது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது ரம்மி போன்ற பந்தய ஆட்டம் அல்ல. 2025-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடுப்பது பணம் வைத்து ஆடுவதை. ரூன்ஸ்கேப்பில் ஒரு பகுதி இலவசம், மீதிக்கு மாதச் சந்தா. கட்டிய பணம் பல மடங்காகத் திரும்பும் என்ற ஆசை இதில் இல்லை. அந்த அம்மாவின் பயத்தில் பாதி இதைத் தெரிந்துகொண்டாலே குறையும்.

அடுத்து, பையன் நோட்டில் போடும் கணக்கு. மரம் வெட்டுதல், மீன்பிடித்தல், சமையல், மருந்து தயாரித்தல் என்று இதில் பல திறன்கள் இருக்கின்றன. அநேகமாக எல்லாமே 1-இல் தொடங்கி 99-ஆம் லெவல் வரை போகும். முதல் லெவலிலிருந்து இரண்டுக்குப் போக 83 அனுபவப் புள்ளிகள் போதும், சில நிமிட வேலை. 98-லிருந்து 99-க்குப் போக 12,28,825 புள்ளிகள் வேண்டும். 99-ஐத் தொட மொத்தம் 1,30,34,431. இதில் பாதி எந்த லெவலில் வரும் என்று என் பத்தாம் வகுப்பு மாணவர்களைக் கேட்டால் உடனே 50 என்பார்கள். உண்மையில் 92-இல்தான் பாதி வருகிறது. ஏறத்தாழ ஏழு லெவலுக்கு ஒருமுறை தேவை இரட்டிப்பாகும்படி அட்டவணையை அமைத்திருக்கிறார்கள்.

மகனின் திறன்கள் பெரும்பாலும் 60-களிலும், ஒன்றிரண்டு 70-லும் இருப்பதாக அந்த அம்மா எழுதியிருந்தார். 60-ஆம் லெவலுக்கு 2,73,742 புள்ளிகள், 70-க்கு 7,37,627. அதாவது 70-இல் நிற்கும் ஒரு திறன் முழுப் பாதையில் 6 சதவீதத்தைக்கூடக் கடக்கவில்லை. அவன் விட்டுவிட்டுப் போகப் போவது இவ்வளவுதான். எல்லாவற்றையும் 90-க்கு மேல் கொண்டுபோனவர் யோசித்தால் அது வேறு கணக்கு, வேறு வலி. 70-இல் நிற்பவன் ஆண்டுகளை எண்ணிப் பார்த்து மலைக்கிறானே தவிர, புள்ளிகளில் அவன் இழப்பது சொற்பம்.

அந்தப் புள்ளிகளும் எங்கும் போய்விடாது. பழைய பாத்திரம் அதன் இடத்தில் அப்படியே இருக்கும். புதியதைத் தொடங்க அதை அழிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆலோசகர் அழிக்கச் சொன்னதில் எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். பள்ளிக் காலத்து நண்பர்களின் பெயர்கள் அந்தப் பாத்திரத்தின் நண்பர் பட்டியலில் இருக்கும். அதை எதற்காக ஒருவன் தன் கையாலேயே அழிக்க வேண்டும்?

அவன் தொடங்க நினைப்பது அயர்ன்மேன் என்ற வகைப் பாத்திரம் என்றும் கடிதத்தில் இருந்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரணப் பாத்திரங்களுக்கு கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தை உண்டு. பெரும்பாலான பொருள்களை அங்கே விற்கலாம், வாங்கலாம். 2014-இல் வந்த அயர்ன்மேன் முறையில் அந்தச் சந்தை மூடிக்கிடக்கும், பிற ஆட்டக்காரர்களிடம் எதையும் கைமாற்றிக்கொள்ளவும் முடியாது. வேண்டியதைத் தானே வெட்டி, தானே விளைவித்து, தானே தேடிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஆடிவரும் சாதாரணப் பாத்திரத்தை அயர்ன்மேனாக மாற்ற வழியில்லை. புதிய பாத்திரம் முதலில் வந்திறங்கும் பயிற்சித் தீவிலேயே அதைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அயர்ன்மேனாகத் தொடங்கியவர் பின்னால் அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டுச் சாதாரணமாக மாறிக்கொள்ள இடமுண்டு. ஆகவே அவன் மனம் மாறினால் திரும்பி வர வாசல் இருக்கிறது. யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் மட்டும் எந்த வாசலும் திறக்காது.

இந்த முறையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு மருந்தைப் பற்றிச் சொல்கிறேன். பிரேயர் போஷன் என்று ஒன்று உண்டு. பெரிய எதிரிகளோடு மோதும்போது அது இல்லாமல் தாக்குப்பிடிப்பது கடினம். பழைய பாத்திரத்தில் அதை நான் சந்தையில் மொத்தமாக வாங்கி வைத்திருப்பேன். அது எதிலிருந்து உண்டாகிறது என்றுகூட நினைத்துப் பார்த்ததில்லை. அயர்ன்மேனில் அது ரனார் என்ற மூலிகையின் விதையிலிருந்து தொடங்குகிறது. டிரேனர் என்ற கிராமத்துச் சந்தையில் ஒரு விவசாயி நிற்பார். அவர் பையிலிருந்து விதைகளைத் திருட வேண்டும், அதற்கே திருட்டுத் திறன் 38-ஆம் லெவலில் இருக்க வேண்டும். பிடிபட்டால் அடி விழும், சில நொடிகள் அசையாமல் நிற்க வேண்டும். அகப்படுவதெல்லாம் உருளைக்கிழங்கு விதை, வெங்காய விதை, முட்டைக்கோஸ் விதை. எப்போதோ ஒரு முறை ரனார் விதை வரும். உரமிட்டு விதைத்தால் 80 நிமிடங்களில் விளையும், நடுவில் நோய் விழுந்து கருகவும் செய்யும். தப்பிப் பிழைத்த இலையைச் சுத்தம் செய்து, நீர் நிரப்பிய குப்பியில் போட்டு, ஸ்னேப் புல் என்ற ஒன்றைத் தேடிப் பறித்து வந்து சேர்த்தால் ஒரு குப்பி மருந்து. காலையில் பள்ளியின் முதல் மணி அடிப்பதற்கு முன் விதைத்துவிட்டு, இடைவேளையில் ஆசிரியர் அறையில் கைபேசியை எடுத்துப் பார்த்தபோது செடி நோயில்லாமல் நின்றதைக் கண்டு எனக்கு வந்த மகிழ்ச்சி உண்மையானது. மாடியில் தொட்டி வைத்துக் கத்தரிக்காய் பறிப்பவர்களுக்கு இது புரியும்.

அதனால் அந்தத் தம்பிக்கு என் பதில் இது. 'பழைய பாத்திரத்தில் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிவிட்டேன், எதையும் நானாகச் செய்யவில்லை' என்பது உன் மனக்குறை என்றால் தயங்காமல் தொடங்கு. 'நண்பர்கள் எல்லாம் என்னை முந்திவிட்டார்கள்' என்பது குறை என்றால் தொடங்காதே. அந்த நண்பர்கள் புதிய பாத்திரத்தையும் முந்தித்தான் இருப்பார்கள், இன்னும் நெடுந்தூரம் முந்தி. அந்தக் குறைக்குப் பழைய பாத்திரத்தில் பிடித்த ஒரு திறனை எடுத்துக்கொண்டு நிதானமாக வளர்ப்பதே மேல்.

இன்னொன்றும் அவன் நோட்டில் விடுபட்டிருக்கும். முதல் முறை ஆடியபோது கோழியையும் கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தையும் அடித்து அடித்துத்தான் எல்லோரையும் போல அவனும் போர்த்திறனை வளர்த்திருப்பான். இரண்டாம் முறை அது தேவையில்லை. வாட்டர்ஃபால் குவெஸ்ட் என்ற ஒரு பணி இருக்கிறது. ஒரு கயிறு, காற்று, நீர், மண் ரூன்கள் (மந்திரக் கற்கள்) ஆறாறு, கொஞ்சம் உணவு ஆகியவை போதும். யாரோடும் சண்டையிட வேண்டியதில்லை, நெருப்பு அரக்கர்களைத் தாண்டி ஓடத் தெரிந்தால் சரி. முடித்தால் தாக்குதலிலும் வலிமையிலும் 13,750 புள்ளிகள் வீதம் கிடைக்கும். முதல் லெவலில் இருப்பவர் ஒரே பாய்ச்சலில் 30-க்குப் போய்விடுவார். எந்த வாசலில் திரும்ப வேண்டும், அந்தப் பணியில் வரும் கல்லறைக்குள் போகும்போது ஏன் ஆயுதங்களையும் கவசத்தையும் வங்கியில் வைத்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். இத்தனை ஆண்டுகள் ஆடியதில் அவன் சம்பாதித்தது அது. அது அவனோடு புதிய பாத்திரத்துக்குள் வந்துவிடும்.

புதிதாகத் தொடங்குவது நோயின் அறிகுறி என்று பயப்படுகிற அந்த அம்மாவுக்கு இந்த விளையாட்டின் வரலாற்றையே சொல்லலாம். இதை நடத்துவது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஜாகெக்ஸ் நிறுவனம். ரூன்ஸ்கேப் தொடங்கியது 2001-இல். 2012 நவம்பரில் சண்டை முறையை அடியோடு மாற்றினார்கள், ஆட்டக்காரர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நிறுவனத்திடம் 2007 ஆகஸ்ட் காலத்து விளையாட்டின் பிரதி ஒன்று இருந்தது. அதைத் திறக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவாக வாக்களிக்க, 2013 பிப்ரவரி 22-இல் ஓல்ட் ஸ்கூல் என்ற பெயரில் அது திறந்தது. அதில் யாருக்கும் பழைய லெவல் திரும்பத் தரப்படவில்லை. பத்தாண்டு உழைத்தவரும் அன்றைக்கு வந்தவரும் ஒன்றாகவே தொடங்கினார்கள். அந்தப் பையன் இப்போது ஆடுகிற விளையாட்டே இப்படிப் பிறந்ததுதான். அதில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நினைப்பவனுக்குப் புத்தி பேதலிக்கவில்லை.

அந்தத் தாயின் கவலையில் நான் முழுமையாக ஏற்கிற பகுதியும் உண்டு. மேலே சொன்ன 83 புள்ளிக் கணக்கு அவர் பக்கம்தான் பேசுகிறது. புதிய பாத்திரத்தில் முதல் சில வாரங்கள் நிமிடத்துக்கு நிமிடம் லெவல் ஏறும். எழுந்திருக்க மனம் வராது. பிறகு வேகம் குறையும், சலிப்பு வரும், அப்போது மூன்றாவதாக ஒரு பாத்திரம் தொடங்கத் தோன்றும். அப்படிச் சுற்றிச் சுற்றி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் எதையும் 80-ஐத் தாண்டி வளர்த்ததில்லை. எனவே நடப்பு செமஸ்டர் தேர்வு முடியும்வரை அவன் பயிற்சித் தீவில் கால் வைக்கவே கூடாது. இதில் அந்த அம்மா கண்டிப்பாக இருக்க வேண்டும். விடுமுறையில் தொடங்கினால், அந்த வேகமான முதல் வாரங்கள் கல்லூரி திறப்பதற்குள் கடந்துவிடும். அதன் பிறகு விதைத்துவிட்டுப் படிக்கப் போகலாம். செடி 80 நிமிடங்களுக்கு அவனைத் தேடாது.

தனியாக ஆடுவது அவரைக் கவலைப்படுத்தினால் 2021-இல் வந்த குழு அயர்ன்மேன் முறையும் இருக்கிறது. இரண்டு முதல் ஐந்து பேர் சேர்ந்து ஒரே குடும்பம்போலப் பொருள்களைப் பகிர்ந்துகொள்ளலாம். கல்லூரி நண்பன் ஒருவன் சேர்ந்தாலும் போதும்.

அந்த அம்மாவிடம் ஒரு கோரிக்கை. இந்தக் கடிதம் வெளியானால் மகனிடம் கொடுங்கள். அந்த நோட்டை வாங்கிப் பார்த்து, எந்தத் திறனை முதலில் வளர்க்கப் போகிறாய், ஏன் என்று கேளுங்கள். ஆசிரியர் அவர்களும், அடுத்த முறை இப்படிப்பட்ட கேள்வி வந்தால் ஆலோசகரின் பதிலோடு, அந்த விளையாட்டை ஆடுகிற ஒருவரின் கருத்தையும் கேட்டுச் சேர்த்து வெளியிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
கோவில்பட்டி