பந்தி முடிந்தபின் இலை போடும் ஊரிலிருந்து ஒரு மடல்

ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவில், எந்த மாநிலம் எப்போது பிரைமரி (ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடக்கும் வாக்கெடுப்பு) நடத்தலாம் என்று வரிசை வகுக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். 2020 மாநாட்டில் கமலா ஹாரிஸ் ‘சித்தி’ என்று ஒரு சொல்லைச் சொன்ன இரவு எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் தூங்கவேயில்லை. சித்தி வரைக்கும் தமிழ் தெரிந்த கட்சி மீதியையும் யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மகள், “பிரைமரில நம்ம ஓட்டு எப்போப்பா?” என்றாள். 2028-ல் அவளுக்குப் பதினெட்டு முடிந்திருக்கும். நம்ம நியூ ஜெர்சியில் ஜூன் என்றேன். “அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்குமே” என்றாள். ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன், வேறு பதில் இல்லை.

அவள் கேட்டதற்குக் காரணம் ஜேசன் பால்மர். பள்ளியில் ஒரு கட்டுரைக்கு அவர் கதையை எடுத்திருக்கிறாள். உங்களுக்குத் தெரியாத கதையா! 2024 மார்ச் 5, சூப்பர் செவ்வாய், பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் நாள். பைடன் அன்று போட்டி நடந்த இடங்களையெல்லாம் வாரிக்கொண்டு போனார், பசிபிக்கில் இருக்கும் அமெரிக்கத் தீவுப் பகுதியான அமெரிக்கன் சமோவா ஒன்றைத் தவிர. அங்கே காக்கஸுக்கு, அதாவது கட்சிக்காரர்கள் கூடி வாக்களிக்கும் கூட்டத்துக்கு, வந்தவர்களே 91 பேர்தான். பால்மருக்கு 51, பைடனுக்கு 40. பால்மர் பால்டிமோரில் இருக்கும் ஒரு தொழில்முனைவர், அந்தத் தீவை அதுவரை கண்ணால் பார்த்தவர்கூட இல்லை, வீட்டில் உட்கார்ந்தபடி வீடியோவில் அந்த ஊர் ஆட்களிடம் பேசினார், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார், அவ்வளவுதான். பதவியிலிருக்கும் ஜனாதிபதியைத் தன் கட்சிக்குள்ளேயே ஒரு போட்டியில் தோற்கடித்தவர் 1980-ல் டெட் கென்னடிக்குப் பிறகு இவர்தான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. “அவங்களால நவம்பர்ல ஓட்டே போட முடியாதுப்பா, தெரியுமா?” என்றாள். தெரியும், ஆனால் யோசித்ததில்லை. அமெரிக்கக் கொடியின் கீழ் 1900 முதல் இருக்கிறார்கள், ஜனாதிபதித் தேர்தலில் வாக்கு இல்லை. அந்த ஒரு காக்கஸ்தான் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே இடம். அந்த இடத்துக்கு வந்து கேட்டவருக்குக் கொடுத்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அதே தீவில் 2020-ல் நடந்ததையும் நினைவுபடுத்துகிறேன். மைக்கேல் புளூம்பெர்க் என்ற பெரும் பணக்காரர், வரிசையில் முதலில் வரும் நான்கு மாநிலங்களையும் விட்டுவிட்டு நேராக சூப்பர் செவ்வாயில் குதித்தார். நூறு கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணம். கடைசியில் ஜெயித்தது அமெரிக்கன் சமோவா மட்டும், 175 வாக்குகள். அந்தத் தீவிலேயே பிறந்த துளசி கப்பார்ட் இரண்டாவதாக வந்தார், பாவம். மறுநாளே புளூம்பெர்க் கடையைக் கட்டினார். அடுத்த கட்சியான குடியரசுக் கட்சியில் 2008-ல் ரூடி ஜூலியானி புளோரிடா புளோரிடா என்று காத்துக் கிடந்து மூன்றாவதாக வந்து போய்ச் சேர்ந்தார். 2024-ல் பைடனை எதிர்த்து நின்ற டீன் பிலிப்ஸ் நியூ ஹாம்ப்ஷயரில் எல்லாவற்றையும் வைத்தார். பேலட்டில் பெயரே இல்லாத பைடன், மக்கள் கைப்பட எழுதிப்போட்ட வாக்குகளிலேயே அவரை முந்தினார்.

இவர்களையெல்லாம் கோமாளிகள் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசலில் கூட்டம் நெரிந்தால் வெளியாள் கொல்லைப்பக்கம்தான் வருவான். ஒருவன் தீவு தேடிப் போகிறான், ஒருவன் நான்கு மாநிலத்தைத் தாண்டிக் குதிக்கிறான், ஒருவன் ஒரே ஊரில் குடியேறிவிடுகிறான் என்றால், கோளாறு அவர்கள் கணக்கில் மட்டும் இல்லை, நீங்கள் போட்ட வரிசையிலும் இருக்கிறது.

அதனால் என் கோரிக்கை ஒன்றே ஒன்று: வரிசையைச் சுழற்றுங்கள். நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை முதல் பந்தியை ஒரு வட்டாரத்துக்குக் கொடுங்கள். நான் கண்டுபிடித்ததில்லை இது. தேர்தலை நடத்தும் மாநிலச் செயலர்களின் சங்கமே 1999-ல் இப்படி ஒரு திட்டம் தந்தது, அதிலும் முதலில் வந்துகொண்டிருந்த அயோவாவையும் நியூ ஹாம்ப்ஷயரையும் தொடவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசிப் பந்தியில் உட்காருவது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். நான் குடியுரிமை வாங்கியது 2015-ல். முதல் பிரைமரி, 2016 ஜூன் 7. முந்தின நாள் இரவு, காலையில் வேலைக்குப் போகும் முன் வாக்களித்துவிடலாம் என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன், போன் அதிர்கிறது: ஹிலாரி கிளிண்டனுக்குத் தேவையான டெலிகேட் (மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி) எண்ணிக்கை கிடைத்துவிட்டது, போட்டி முடிந்தது என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி. நாங்களும் கலிபோர்னியாவும் வாக்களிக்க இன்னும் ஒரு ராத்திரி இருக்கிறது! யாரைக் கேட்டு முடிந்தது என்றால், பிரைமரி வாக்குக்குக் கட்டுப்படாத கட்சிப் பெரியவர்களான சூப்பர் டெலிகேட்டுகளைக் கேட்டு. இஸ்திரிப் பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றதில் காலரில் மஞ்சள் கறை விழுந்தது, அந்தச் சட்டையோடுதான் போனேன். தீயணைப்பு நிலையத்தில் வாக்குச்சாவடி. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேசை போட்டிருந்தார்கள். பதிவேட்டைப் புரட்டிய வயதான அம்மா என் கையெழுத்தை ஒத்துப் பார்த்துவிட்டு, “முதல் தடவையா? பரவாயில்லை, பழகிக்கலாம்” என்கிற மாதிரி ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். நான் நன்றி என்றேன். எதைப் பழகிக்கச் சொன்னார் என்பது 2020-ல் புரிந்தது. அந்த முறை கோவிட், ஜூலை 7, தபாலில் அனுப்பினேன். பைடனோடு போட்டியிட்ட சாண்டர்ஸ் ஏப்ரலிலேயே விலகியாயிற்று. 2024 ஜூன் 4-ம் அப்படியே, பைடனுக்கு வேண்டியது மார்ச் 12-லேயே சேர்ந்துவிட்டது. அப்புறம் ஜூலை 21-ல் அவரும் விலகிவிட்டார். ஆக, முடிந்துபோன போட்டியில், பிறகு போட்டியிடாமல் போனவருக்கு வாக்களித்த பெருமையும் எனக்கு உண்டு. (சூப்பர் டெலிகேட் விதியை 2018-ல் திருத்தினீர்கள், அதற்கு நன்றி. நிஜமாகவே நன்றி.)

நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவாவில் என் நண்பன் இருக்கிறான். அவன் வீட்டில் பிரைமரி நோட்டீசுக்கென்றே ஒரு டிராயர். ஒவ்வொரு வேட்பாளரும் சிரிக்கிறார்கள், ஒருவர் கையெழுத்துகூடப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவன் மனைவி அதைத்தான் முறுக்கு பிழிய விரிக்கிறார், “வழவழ தாளுங்க, எண்ணெயை உறிஞ்ச மாட்டேங்குது” என்று புகார் வேறு. எங்கள் தெருவுக்கு பிரைமரி சமயத்தில் ஒரு ஜனாதிபதி வேட்பாளர் பேரில் ஒரு தாள் வந்ததில்லை. அவர்கள் பதினான்கு லட்சம் பேர், நாங்கள் தொண்ணூற்று மூன்று லட்சம்.

உங்கள் மாநிலத்துச் சட்டமன்றம்தானே ஜூன் என்று வைத்தது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். 2008-ல் நியூ ஜெர்சி பிப்ரவரி 5-ல் வாக்களித்தது. தனித் தேர்தலுக்குச் செலவாகிறது என்று மறுபடி ஜூனுக்குப் போனார்கள். ஆனால் அதற்கு முன்னால் வரலாமா என்றால், அதே 2008-ல் முந்திக்கொண்ட மிச்சிகனுக்கும் புளோரிடாவுக்கும் என்ன நடந்தது? டெலிகேட்டுகளை மொத்தமாகப் பறித்து, அழுது புலம்பியபின் அரை அரை வாக்காகத் திருப்பித் தந்தீர்கள். 2024-ல் தென் கரோலினாதான் முதலில் என்றீர்கள், சரி, கறுப்பின வாக்காளர்களுக்கு அது நியாயம்தான், நான் வரவேற்றேன். நியூ ஹாம்ப்ஷயர் தன் சட்டப்படி ஜனவரி 23-லேயே நடத்தப் போகிறது என்றதும், அது அர்த்தமற்ற தேர்தல் என்று கடிதம் எழுதினீர்கள். அப்படி வாக்காளர்களிடம் சொல்லாதீர்கள் என்று அந்த மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் உங்களுக்கே கடிதம் போட்டது. ஒரு தேர்தல் அர்த்தமற்றதாக இருப்பது உங்களுக்கு இவ்வளவு உறுத்துமென்றால், எங்கள் ஜூனுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கலாமே ஐயா.

கோபம் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2028 வரிசை இப்போது உங்கள் கையில். தயவுசெய்து சுழற்றுங்கள். இந்த முறை வடகிழக்கு முதலில் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தெற்கு வரட்டும், மேற்கு வரட்டும், குவாமும் சமோவாவும் ஒருமுறையாவது முதல் வாரத்தில் வரட்டும், வேட்பாளர்கள் எல்லோரும் வரிசையில் நின்று அமெரிக்கன் சமோவாவின் பாகோ பாகோவுக்கு விமானம் ஏறட்டும். எங்கள் முறை 2036-ல் என்றாலும் சரி. என்றைக்கு என்று ஒரு தேதி இருந்தால் போதும்.

இல்லை, ஜூன்தான் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஊருக்கு டிக்கெட் முன்கூட்டியே போட்டால் கொஞ்சம் மலிவு.

பணிவுடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாக்காளர்