தோரோங் லா கணவாயில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள தீதிக்கும் (நேபாளியில் அக்கா), குதிரைக்கார அண்ணனுக்கும், முக்திநாத்தில் பார்த்த மாமிக்கும், வணக்கம்.

2022 நவம்பரில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் தனியாக நடந்தேன். (வெளிநாட்டவர் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில்தான் வந்தது.) அந்தப் பயணத்தில் தோரோங் லாவைக் கடந்த ஒரு நாளுக்காகத்தான் இந்தக் கடிதம். கணவாய் 5,416 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். உங்கள் யாருடைய பெயரையும் அன்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் மனதை அரிக்கிறது.

தீதி, கணவாயின் அடிவாரத்தில் இருக்கும் தோரோங் ஃபேதியில் விடிகாலை நான்கு மணிக்கு என் பாட்டிலை வாங்கி, வெந்நீர் ஊற்றி, கம்பளித் துணி சுற்றித் தலைகீழாகப் பைக்குள் செருகினீர்கள். ஏன் என்று அப்போது புரியவில்லை. மேலே போனதும் முதுகுப்பையிலிருந்து தண்ணீர் உறிஞ்சும் என் குழாய் உறைந்து குச்சி போல் ஆகிவிட்டது. பாட்டில் மட்டும் திறந்தது. தண்ணீர் மேற்பக்கமாகத்தான் உறைய ஆரம்பிக்கும். தலைகீழாக வைத்தால் மூடிப் பக்கம் கட்டாது. முந்தின இரவு நான் வேண்டாமென்று தள்ளிய பூண்டு சூப்பையும் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தீர்கள். என் அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பார்.

அண்ணா, முந்தின நாள் பனி விழுந்து பாதையே இல்லை. அடையாளக் கம்பங்கள் மட்டும் ஆங்காங்கே தெரிந்தன. 2014 அக்டோபரில் வங்கக் கடலின் ஹுட்ஹுட் புயல் இங்கே பனியாகக் கொட்டிப் பலரைப் பலிகொண்டது எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. நீங்கள் குதிரையை முன்னால் விட்டு முழங்கால் பனியை உடைத்துக்கொண்டு போனீர்கள். அந்தக் குழிகளில் கால் வைத்துத்தான் நான் ஏறினேன்.

பிரார்த்தனைக் கொடிகள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் என் வலது கையுறை காற்றில் பறந்தது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் மெழுகு போல் வெளுத்து, உணர்வே போய்விட்டது. திரும்பிப் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. சேணப்பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்து என் கையில் மாட்டி, அதை அப்படியே உங்கள் அக்குளுக்குள் வைத்துக்கொண்டீர்கள். குதிரை வாசமும் விறகுப் புகை வாசமும் அடித்தது அந்தக் காலுறையில். விரலுக்கு உயிர் திரும்பும்போது அப்படி எரியும் என்று எனக்குத் தெரியாது. வலி தாங்காமல் அழுதேன். அழுகை நிற்கும் வரை நீங்களும் அந்தக் காற்றில் நின்றீர்கள். இன்று இந்த மடலைத் தட்டச்சு செய்வது அதே விரல்கள்தான், அண்ணா.

அப்புறம் 1,600 மீட்டர் இறக்கம். முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. முக்திநாத் கோயிலின் 108 நீர்த்தாரைகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது, "அப்பாடா" என்றேன். பின்னாலிருந்து "எந்த ஊரும்மா?" என்று ஒரு குரல்.

மாமி, திவ்ய தேச யாத்திரையாக வந்திருந்தீர்கள். ஸ்ரீரங்கம் என்றீர்கள். என் கையைப் பார்த்ததும் வேறெதுவும் கேட்காமல் புளியோதரையை உருட்டி உருட்டி ஊட்டினீர்கள். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் உங்கள் ஜீப் கிளம்பிவிட்டது. இந்த மூவரில் நீங்கள் ஒருவர்தான் இதைப் படிக்கக்கூடும். படித்தால் ஒரு வரி எழுதுங்கள், ஸ்ரீரங்கத்துக்கு நேரில் வருகிறேன்.