தேட மனம் இல்லாமலா தேடினேன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த சிறுகதை பற்றிய கட்டுரையில், பழைய கதைகள் எல்லாம் இன்று இணையத்தில் கிடைக்கின்றன, தேட மனம்தான் வேண்டும் என்றொரு வரி இருந்தது. ஒரே ஒரு கதைக்காக ஐந்து மாதங்கள் அலைந்தவன் நான். அந்த வரியைத் தாண்டி மேலே படிக்க எனக்கு மனம் வரவில்லை.

என் தந்தையார் சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971 இறுதிக்குள் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த பிறகு, எங்கள் குடியிருப்பில் யாருக்கு எப்போது ஆட்குறைப்புக் கடிதம் வரும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அந்நாளில் ஒரு ஞாயிறு மலரில், வேலை போனதை மனைவியிடம் சொல்லாமல் தினமும் தூக்குச்சட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒரு தொழிலாளியின் கதை வந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் அக்காதான் உரக்க வாசித்தார். அப்பா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். இப்போது 73 வயதாகும் அக்கா, அந்தக் கதையை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றார்.

நூலக அட்டவணைக்கு நூல்களைத் தெரியும்; நூலுக்குள் இருக்கும் கதைகளைத் தெரியாது என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதிலும் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பெயர்த்து வைத்திருக்கும் இடங்களில், 'சிங்கை' என்பதை நாம் ஆங்கில 'எஸ்' (S) எழுத்தில் தேட, அட்டவணை 'சி' (C) எழுத்தில் வைத்திருக்கிறது. சிங்கப்பூரின் 50ஆம் ஆண்டையொட்டி 2015இல் ஏறத்தாழ 350 தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் ஏற்றினார்கள். அந்தப் பெரும்பணிக்கு நான் என்றும் நன்றியுடையவன். ஆனால் நாளிதழில் ஒருமுறை வந்து, நூலாகாமலே போன கதை அந்த 350இல் எப்படி இருக்கும்?

பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்திருக்கும் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்திலும், விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள அந்நூலகத்தில் நாளிதழ்ப் பக்கங்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்திருக்கும் நுண்படச் சுருள்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினேன். 1968 தொடக்கம் முதல் 1971 முடிய 208 ஞாயிறுகள். நூலக ஊழியர்கள் பொறுமையாக உதவினார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியில் கதை கிடைத்தது. நான் 'கப்பல் பட்டறை' என்று தேடிக்கொண்டிருந்தேன். கதையில் 'கப்பற்பட்டறை' என்று சேர்த்து எழுதியிருந்தார்கள். தலைப்பில் கப்பலும் இல்லை, பட்டறையும் இல்லை. எழுதியவர் பெயருக்குப் பதில் ஒரு புனைபெயர். எந்தத் தேடுபொறி இதைக் கண்டுபிடித்திருக்கும்?

1888இல் 'சிங்கை நேசன்' வெளியிட்ட 'விநோத சம்பாஷணை'தான் இங்கு முதல் சிறுகதை என்று மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். 1970ஆம் ஆண்டுக் கதை ஒன்று வேண்டுமென்றால் கண் வலிக்கப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஈழத் தமிழர்கள் நடத்தும் 'நூலகம்' தளத்தைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய இதழ்களைப் படியெடுத்து ஏற்றுவதோடு நில்லாமல், அவற்றில் உள்ள கதை கட்டுரைகளின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் தட்டச்சு செய்து பட்டியலிட்டிருக்கிறார்கள். போரையும் இடப்பெயர்வையும் கண்ட மக்கள் செய்ததை, அமைதியான நாட்டில் வாழும் நாம் செய்யவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நம் கைக்கு வந்ததைக்கூட நாம் காக்கவில்லை. புதிய வீட்டுக்குக் குடிமாறியபோது, அப்பா சேர்த்து வைத்திருந்த இதழ்களை இரண்டு பெட்டிகளில் கட்டி ஒரு பள்ளிக்குக் கொடுத்தேன். சில ஆண்டுகள் கழித்து விசாரித்தால், இடமில்லாததால் பழைய தாள் வாங்கும் கராங்குனிக்காரரிடம் போட்டுவிட்டோம் என்றார்கள். தொகுப்பு நூல் போடுகிறவர்களில் பலர், ஒரு கதை முதலில் எந்த இதழில், எந்த நாளில் வந்தது என்ற ஒரு வரியைக்கூடச் சேர்ப்பதில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் எத்தனை பேருடைய மாதங்கள் மிஞ்சியிருக்கும்!

நான் கேட்பது பெரிதன்று. ஆண்டுதோறும் டிசம்பர் இதழில், அவ்வாண்டு தாங்கள் வெளியிட்ட கதைகளின் தலைப்பு, எழுதியவர் பெயர், வெளிவந்த நாள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் அச்சிடுங்கள். புனைபெயராக இருந்து எழுதியவர் இசைந்தால், இயற்பெயரையும் அருகில் போடுங்கள். நான் கண்டெடுத்த கதையின் நாளையும் பக்க எண்ணையும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். அதை இதழின் ஏதாவது ஒரு மூலையில் வெளியிட்டால், அந்தக் கதையைத் தேடும் அடுத்தவர் 208 ஞாயிறுகளைப் புரட்ட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
செம்பவாங்