வெட்டிய புதரை அள்ளாமல் விட்டால் ஆபத்து கூடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைச்சாலையிலும், குன்னூரைச் சுற்றியுள்ள ஊர்ச்சாலைகளிலும் காட்டுத்தீ பரவாமல் இருக்க ஓரப் புதர்களை வெட்டுகிறார்கள். வேலை நடப்பது நல்லதுதான். ஆனால் வெட்டிய புல்லையும் உண்ணிச்செடியையும் பல இடங்களில் பள்ளப்பக்கம் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். வேரோடு நிற்கும்போது பாதி பச்சையாக இருக்கும் செடி, வெட்டிப் போட்டால் சில வார வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். முன்பு சாலையோரம் சிதறி நின்ற எரிபொருள் இப்போது ஒரே இடத்தில், காய்ந்த நிலையில், குவியலாகக் கிடக்கிறது. சாலை பார்வைக்குச் சுத்தமாகிவிட்டது. தீ அபாயமோ கூடிவிட்டது.

பள்ளப்பக்கக் குவியல் ஏன் மோசம் என்றால், தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புப் பணியில் இருப்பவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளும் விதி. கீழே காட்டிலிருந்து ஏறிவரும் தீக்குச் சாலைதான் இயற்கையாகக் கிடைத்த தடுப்பு. அந்தத் தடுப்பின் விளிம்பிலேயே சருகுக் குவியல் இருந்தால் சுவாலை எழும்பிச் சாலையைத் தாண்டும். செடிகளில் தீப்பிடித்தால் சுவாலை செடியின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு எழும் என்று வைத்துக்கொண்டால், குறுகலான ஊர்ச்சாலை அதற்கு எந்த மூலைக்கு? கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) நிற்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். அவற்றிலிருந்து நீளநீளமாக உரிந்து தொங்கும் பட்டை, எரிந்துகொண்டே காற்றில் வெகுதூரம் பறந்து போய் விழும்.

ஆகவே வெட்டுவதற்குச் செலவிடும் அதே கவனத்தை அள்ளுவதற்கும் செலவிட வேண்டும். வெட்டிய அன்றோ, மறுநாளோ லாரியில் ஏற்றிவிட வேண்டும். ஒப்பந்ததாரருக்குப் பணம் தருவதற்காக அவர் வேலையை அளவுப் புத்தகத்தில் எழுதுவது வெட்டி முடித்த பிறகல்ல, அள்ளி முடித்த பிறகு என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். அள்ளியதை அங்கேயே கொளுத்துவது அதைவிடக் கேடு. 2024 மார்ச்சில் குன்னூர் பாரஸ்ட்டேல் பகுதியில் நாள்கணக்கில் எரிந்து, கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்த தீ, தேயிலைத் தோட்டக் கழிவுக்கு வைத்த நெருப்பிலிருந்து பரவியது என்றுதான் அப்போது செய்திகள் வந்தன. புல்லை உரக்கிடங்குக்குக் கொண்டுபோகலாம். கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடிக் கழிகளைக் கொண்டு நிஜ யானை அளவுக்கு யானைச் சிற்பங்களையே செய்கிறார்கள். கழியைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் வாங்க ஆள் இருக்கும்.

எப்போது வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். அக்டோபரில் வெட்டினால் வடகிழக்குப் பருவமழையில் எல்லாம் திரும்பத் தழைத்து, பிப்ரவரியில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும். மழை ஓய்ந்த பின் டிசம்பர் கடைசியில் ஒருமுறையும், பிப்ரவரி நடுவில் புல்லுக்கு மட்டும் ஒருமுறையும் வெட்டுவதே பயன் தரும். ஊட்டிப் பக்கம் உறைபனி முன்னதாகவே புல்லையும் பெரணியையும் கருக்கிவிடுவதால் அங்கே முதல் வெட்டைத் தள்ளிப்போட முடியாது.

ஜேசிபி வைத்து மண் தெரியச் சுரண்டுவது கூடவே கூடாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மண்சரிவால் அடைபடும் சாலை இது. புல்லை 10 சென்டிமீட்டர் தாள் விட்டு வெட்டினால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தாளில் தீப்பிடித்தாலும் சுவாலை தாழ்வாகவே இருக்கும், மிதித்தே அணைக்கலாம். உண்ணிச்செடி வேறு ரகம். தரைக்கு மேல் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால்தான் மீண்டும் வேர்விடாது. பழம் பழுக்குமுன் இதைச் செய்யாவிட்டால் பறவைகள் விதையைப் பரப்பிவிடும். செங்குத்தான கரைகளில் மட்டும் வேரைத் தொடாமல் ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அபாயம் என்று சொல்லி மரங்களையே வெட்டிவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். தவறான யோசனை. நிழல் போனால் அடுத்த மழையிலேயே அந்த இடத்தில் ஆளுயரப் புல் எழும்பும். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் வெட்டவும் முடியாது. தரையிலிருந்து 2 மீட்டர் வரை தாழ்கிளைகளைக் கழித்து, மரத்தில் ஏறிய காய்ந்த கொடிகளை இழுத்துவிட்டால் தரைத்தீ உச்சிக்கு ஏறாது. அது போதும்.

யாரும் கவனிக்காத இடம் சிறுபாலங்கள். கற்பூர இலையும் பட்டையும் தின்பண்ட உறைகளும் சேர்ந்து அடைத்துக்கிடக்கும் சிறுபாலத்தின் வழியே தீ சாலைக்கு அடியிலேயே மறுபக்கம் போய்விடும். ஜனவரியில் ஒவ்வொன்றையும் வாரிவிட வேண்டும். வண்டிகள் ஒதுங்கும் காட்சிமுனைகளில் வெட்டும் அகலத்தை இரட்டிப்பாக்க வேண்டும். சிகரெட் துண்டும் சமையல் நெருப்பும் விழுவது அங்கேதான். மலையேறி வந்த காரின் சூடான புகைக்குழாய் உரசினாலே காய்ந்த புல் பற்றிக்கொள்ளும்.

வெட்டும் கருவியும் தீ வைக்கும். புல்வெட்டும் இயந்திரத்தின் இரும்புத் தகடு கல்லில் பட்டால் பொறி பறக்கும். பிப்ரவரிக்குப் பிறகு நைலான் நரம்பை மட்டுமே பயன்படுத்த வேண்டும். காலை 10 மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும், காற்றடித்தால் நிறுத்த வேண்டும். இயந்திரம் ஆறிய பிறகே, வெறும் தரையில் வைத்துத்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஒரு குழுவுக்கு முதுகில் சுமக்கும் தண்ணீர்த் தெளிப்பான் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, எல்லைப் பிரச்சினை. சாலையோரம் நெடுஞ்சாலைத்துறைக்கு, அதற்கு அப்பால் வனத்துறைக்கு, சில இடங்களில் தனியார் தோட்டத்துக்கு, ஊருக்குள் நகராட்சிக்கு, கம்பிக்கு அடியில் மின்வாரியத்துக்கு. ஒருவர் வெட்டிய பட்டைக்கும் அடுத்தவர் பட்டைக்கும் நடுவில் வெட்டாமல் நிற்கும் இரண்டு மீட்டர் புதர் போதும், தீ கடந்துபோக. டிசம்பர் முதல் வாரத்தில் ஐந்து தரப்பும் ஒன்றாகச் சாலையில் நடந்து, யார் எதுவரை வெட்டுவது என்று சுண்ணாம்புக் குறி போட மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காட்டுத்தீத் தடுப்பில் அக்கறையுள்ள வாசகர்கள்,
குன்னூர்.