மார்கழியும் நில அதிர்வும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் குறிப்பேட்டின் நகலும் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்து மாலையில் நடக்கத் தொடங்கியிருக்கிறாய் என்பதே பெரிய நிம்மதி. இங்கே பேத்திக்குப் பள்ளி திறந்துவிட்டதால் பகலில் வீடு அமைதியாக இருக்கிறது. பெரிய நில அதிர்வுகள் மார்கழி, தை மாதங்களில்தான் வரும் என்று நீ கணக்கிட்டிருக்கும் அந்தக் குறிப்பேட்டை இருமுறை முழுமையாகப் படித்தேன்.

ஆழிப்பேரலைக்கு மறுநாள் நாகப்பட்டினத்தில் ஒட்டியிருந்த பெயர்ப்பட்டியலில் உன் சித்தப்பாவின் பெயரை நாம் விரலால் தொட்டுத் தேடியதை நான் மறக்கவில்லை. அதன் பிறகுதான் நீ இந்தக் கணக்கைத் தொடங்கினாய் என்பதால், என் கருத்தை ஒளிக்காமல் எழுதுவதே உனக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணுகிறேன்.

‘மார்கழி, தை’ என்ற பக்கத்தில் 1934 ஜனவரி 15 பீகார், 2001 ஜனவரி 26 பூஜ், 2003 டிசம்பர் 26 ஈரானின் பாம், 2004 டிசம்பர் 26 சுமத்ரா ஆகியவற்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறாய். ஆனால் 1897 ஜூன், 1950 ஆகஸ்ட் ஆகிய மாதங்களில் அஸ்ஸாமிலும், 1905 ஏப்ரலில் காங்ராவிலும், 1993 செப்டம்பரில் லாத்தூரிலும், 2015 ஏப்ரலில் நேபாளத்திலும் நேர்ந்தவற்றுக்கு அதில் பக்கமே இல்லை. நம்மை உலுக்கியவற்றை மட்டும் நினைவு சேர்த்து வைக்கிறது. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. ரிக்டர் 7-க்கு மேற்பட்ட அதிர்வுகள் உலகில் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து நேர்கின்றன. ஆகவே மார்கழி, தை இரண்டு மாதங்களில் எங்கோ ஒன்று வரும் என்று சொன்னால் அது பெரும்பாலும் பலிக்கும். ஆடி, ஆவணி என்று சொன்னாலும் அதே அளவுக்குப் பலிக்கும்.

பருவத்துக்குத் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. நேபாள இமயத்தில் சிறு அதிர்வுகள் மழைக்காலத்தைவிடக் குளிர்காலத்தில் கூடுதலாகப் பதிவாகின்றன. மழைநீரின் பாரம் கங்கைச் சமவெளியை அழுத்துவதும், நீர் வடிந்தபின் அந்த அழுத்தம் விலகுவதும் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். மகாராட்டிரத்தின் கொய்னா இதைவிட வியப்பானது. அங்கே 103 மீட்டர் உயர அணை எழும்பி, 1962 முதல் நீர் தேங்கத் தொடங்கிய பின் சிறு அதிர்வுகள் பெருகின. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் 6.3 அளவில் ஒரு பெரிய அதிர்வு தாக்கி, ஏறத்தாழ 180 பேர் இறந்தார்கள். இன்றும் மழைக்குப் பின் நீர்மட்டம் உயரும்போதும் பின்னர் குறையும்போதும் அங்கே நிலம் அசைகிறது. ஆயினும் பாறைக்குள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த இறுக்கத்தோடு ஒப்பிட்டால் நீரின் பாரம் மிகச் சிறிது. முறியும் நிலையில் இருக்கும் பாறையை அது சற்று முந்தவோ பிந்தவோ செய்யலாமே தவிர, எந்தப் பாறை அந்த நிலையில் இருக்கிறது என்பதை நமக்குக் காட்டாது.

ஆகவே ஒன்று செய். வரும் மார்கழி பிறக்கும் முன்பே இடம், அளவு, தேதி எல்லைகள் மூன்றையும் தெளிவாக எழுதி, ஒட்டிய உறையில் எனக்கு அனுப்பு. அஞ்சல் முத்திரையின் தேதி சாட்சியாக இருக்கட்டும். வைகாசி, ஆனி மாதங்களுக்கும் அப்படியே ஒன்று எழுதி வை. மாசி பிறந்ததும் நான் அங்கு வருகிறேன், முதல் உறையை இருவரும் சேர்ந்து பிரிப்போம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்