வெர்டியைச் சேர்த்துக்கொள்ளாத கல்லூரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இத்தாலிப் பயணக் கட்டுரையில் மிலான் இசைக் கல்லூரி பற்றி ஒரு வரி: ஆபெரா என்னும் இசை நாடகங்களுக்கு இசையமைத்த வெர்டி தான் பயின்ற கல்லூரிக்கே பெயராகிவிட்டாராம்! அவர் அங்கே ஒருநாள்கூடப் பயிலவில்லை ஐயா. இடம் கேட்டார், கொடுக்கவில்லை.

1832இல் ஜுசெப்பே வெர்டி அங்கே விண்ணப்பித்து, தேர்வாளர்கள் முன் வாசித்தும் காட்டினார். வயது 18, வரம்போ 14. பியானோவில் கை வைக்கும் முறையும் சரியில்லை, இனித் திருத்துவது கடினம் என்றார்கள். போதாததற்கு அவர் அன்று தனி நாடாயிருந்த பார்மாவைச் சேர்ந்தவர்; ஆஸ்திரியர் ஆண்ட மிலானுக்கு அயல்நாட்டார். பூசெட்டோ ஊர் வணிகர் அன்டோனியோ பரெட்சி பணம் கொடுக்க, மிலானின் லா ஸ்காலா ஆபெரா அரங்கில் பணியாற்றிய லவீன்யாவிடம் தனியாகத்தான் படித்தார். 1839இல் அதே லா ஸ்காலாவில் அவருடைய முதல் ஆபெரா அரங்கேறியது. அந்தக் கல்லூரிக்குத் தம் பெயரைச் சூட்டுவதைக் கிழவர் விரும்பவும் இல்லை.

இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. ஆண்டுதோறும் இசைச் சிறப்பிதழ் போடுபவருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? மேற்கத்திய இசைதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற துணிச்சல். தியாகராஜர் தீட்சிதரிடம் பாடம் கேட்டார் என்று அச்சடித்துப் பாருங்கள், மறுநாள் மயிலாப்பூரே உங்கள் வாசலில் நிற்கும். தீபாவளி மலரில் இசையமைப்பாளர் ரோசினி படத்தின் கீழ் இன்னோர் இசையமைப்பாளரான புச்சினியின் பெயரைப் போட்டதற்கும் எழுதினேன். ‘மலர் அருமை’ என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். மிக்க நன்றி.

அந்தப் புச்சினி மெய்யாகவே 1880 முதல் 1883 வரை மிலான் கல்லூரியில் படித்தவர். அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெர்டி தம் பணத்தில் மிலானிலேயே முதிய இசைக் கலைஞர்களுக்கு இல்லம் கட்டினார். அவரும் மனைவி ஜுசெப்பினாவும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். கட்டுரையாளர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பீட்சாவுக்கு அரைப்பக்கம் இருந்தது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். ‘வயது கடந்துவிட்டது, இனி விரல் படியாது’ என்று ஓர் இசைப்பள்ளி திருப்பி அனுப்பிய பையனுக்கு நான் பியானோ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்று ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறான். அன்று அவன் தாயிடம் நான் சொன்னது வெர்டியின் கதையைத்தான். இப்போது அந்த அம்மாள் உங்கள் இதழைக் காட்டி, ‘டீச்சர், அவர் அங்கேதான் படித்தாராமே?’ என்கிறார்.

இரண்டு வரித் திருத்தம் போதும். வாசகர் கடிதப் பகுதியில் வேண்டாம், பயணக் கட்டுரை வரும் பக்கத்திலேயே போடுங்கள். வெட்டி எடுத்துப் போட இந்தக் கடிதத்தில் பாராட்டு எதுவும் வைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பியானோ ஆசிரியை,
திருச்சி